ஒரே மல்டிமீட்டர், முகப்பில் மூன்று பெயர்: பிரிந்துபோன நிறுவனங்களின் கருவிகளைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது?

பதிவேடு60 கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஏறத்தாழ 60 கருவிகள் உள்ள ஓர் ஆய்வகத்துக்குச் சொத்துப் பதிவேடு புதிதாகப் போடுகிறேன். "தயாரிப்பாளர்" என்ற முதல் கட்டத்திலேயே வண்டி நின்றுவிட்டது. 34401ஏ மல்டிமீட்டர் மூன்று இருக்கின்றன. ஒன்றின் முகப்பில் எச்பி (ஹியூலெட்-பேக்கார்ட்), இன்னொன்றில் அஜிலென்ட், மூன்றாவதில் கீசைட். உள்ளே மூன்றும் ஒன்றேதான். 6890 கேஸ் குரோமட்டோகிராஃபிலும் (ஜிசி, கலவையில் உள்ள வேதிப்பொருள்களைப் பிரித்துக் காட்டும் கருவி) எச்பி என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் அதற்கும் மல்டிமீட்டருக்கும் இன்று ஒரே இடத்தில் சர்வீஸ் கிடையாது என்கிறார்கள். இது போதாதென்று வேரியன், டெக்ட்ரானிக்ஸ், பெர்கின்எல்மர் பெயர்களில் வேறு பத்துப் பதினைந்து.

மூன்று கேள்விகள்:

1. எந்தப் பெயரை எழுதுவது? ஸ்பேர் (மாற்றுப் பாகம்), கையேடு, காலிபரேஷனுக்கு (அளவுச் சரிபார்ப்பு) இன்று யார் பொறுப்பு?
2. 34461ஏ ஒன்றை எடுத்துவிட்டு அதே மாடலில் இன்னொன்றை வைத்தால் சோதனை நிரல் "கருவி கிடைக்கவில்லை" என்கிறது. பெயர் மாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
3. பிரியப்போவதாக அறிவித்துவிட்ட ஒரு நிறுவனத்திடம் மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடலாமா?

கிளைப்படம் எழுதியது:

முதல் கேள்விக்கு என் பதில்: முகப்புப் பெயரை வைத்து, கருவி எந்தக் காலத்தில் தொழிற்சாலையை விட்டு வந்தது என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் அந்தப் பெயரை நம்பாதீர்கள். பின்தொடர வேண்டியது தயாரிப்பு வரிசையை. ஒரே பெயரில் இருந்த வரிசைகள் ஐந்தாறு திசையில் போயிருக்கின்றன.

எச்பி 1939-இல் ஆடியோ ஆசிலேட்டரோடு ஆரம்பித்த கம்பெனி. 1961-இல் சான்பார்னை வாங்கி மருத்துவக் கருவிக்குள் நுழைந்தது. 1965-இல் எஃப் அண்ட் எம் சயன்டிஃபிக்கை வாங்கி குரோமட்டோகிராஃபிக்குள் வந்தது. 1999 மார்ச்சில் பிரிவை அறிவித்தபோது கணினியும் பிரிண்டரும் எச்பி பெயரை வைத்துக்கொண்டன. அளவுக் கருவி, மருத்துவம், குறைக்கடத்தி, வேதிப் பகுப்பாய்வு எல்லாம் அஜிலென்ட் என்ற புதுப் பெயருக்குப் போயின. 2014 நவம்பரில் அஜிலென்ட்டும் பிரிந்தது. இம்முறை வேதியியல் பக்கம் அஜிலென்ட் பெயரை வைத்துக்கொண்டது, மின்னணு அளவுக் கருவிகள் கீசைட் ஆயின. ஆசிலேட்டர் செய்து குடும்பத்தைத் தொடங்கிய மூத்த தொழிலுக்கு இரண்டு பாகப்பிரிவினையிலும் வீட்டுப் பெயர் கிடைக்கவில்லை! பெயர், எங்கே அதிக விலை பெறுமோ அங்கே போகும்.

ஆக, "எச்பி" என்று எழுதியிருக்கும் பெட்டியைப் பார்த்தால்:

- மல்டிமீட்டர், ஸ்பெக்ட்ரம் அனலைசர், ஆசிலோஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர்: கீசைட்.
- 6890 ஜிசி, 1100 எல்சி (திரவக் குரோமட்டோகிராஃப்): அஜிலென்ட்.
- நோயாளி மானிட்டர், ஈசிஜி: 2001-இல் பிலிப்ஸிடம் போனது.
- ஆப்டோகப்ளர், ஆர்எஃப் டயோடு: 2005-இல் அவாகோ, அது 2016-இல் பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே சூடிக்கொண்டது.
- 93000 வரிசை ஐசி டெஸ்டர்: 2006-இல் வெரிஜி, 2011-இல் அட்வான்டெஸ்ட்.
- 5071ஏ சீசியம் கடிகாரம்: 2005-இல் சிம்மெட்ரிகாம், 2013-இல் மைக்ரோசெமி, 2018-இல் மைக்ரோசிப்.

கடைசி வரியைக் கவனியுங்கள். அதிர்வெண் கவுன்டர் கீசைட்டில், அதற்கு 10 மெகாஹெர்ட்ஸ் ஒப்பீட்டுச் சிக்னல் கொடுக்கும் கடிகாரம் மைக்ரோசிப்பில். ஒரே ரேக், ஒரே நிறப் பெட்டி, இரண்டு வாசல்.

வேரியனில் இன்னும் சிக்கல். 1999-இல் மூன்றாகப் பிரிந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரங்கள் வேரியன் மெடிக்கலுக்கு (2021 முதல் சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ்), சில்லுத் தயாரிப்புக்கான அயனி பதிப்பு இயந்திரங்கள் வேரியன் செமிகண்டக்டருக்கு (2011 முதல் அப்ளைட் மெட்டீரியல்ஸ்), ஆய்வகக் கருவியும் வெற்றிட பம்புகளும் வேரியன் இன்க்குக்கு. இந்த மூன்றாவதை 2010-இல் அஜிலென்ட் வாங்கியது. "அப்படியானால் வேரியன் ஜிசிக்கு அஜிலென்ட்தானே" என்று எழுதிவிடாதீர்கள். அஜிலென்ட்டுக்கு ஏற்கெனவே ஜிசி இருந்ததால் போட்டி ஒழுங்குமுறை அமைப்புகள் நிபந்தனை போட்டன. வேரியனின் ஆய்வக ஜிசி, டிரிப்பிள் குவாட் ஜிசி-எம்எஸ் (ஜிசியோடு நிறை நிறமாலைமானி சேர்ந்தது), ஐசிபி-எம்எஸ் (பிளாஸ்மா வழியாகத் தனிமங்களை அளக்கும் நிறை நிறமாலைமானி) மூன்றும் புரூக்கருக்குப் போயின. 2014-இல் ஜிசி சையன் பெயருக்கும் ஐசிபி-எம்எஸ் அனலிட்டிக் ஜெனாவுக்கும் மறுபடி கை மாறின. வேரியன் டர்போ பம்புக்கு மட்டும் அஜிலென்ட் என்பது அப்படியே சரி.

டெக்ட்ரானிக்ஸை 2007-இல் டனாஹர் வாங்கியது. 2016-இல் ஃபோர்ட்டிவ் பிரிந்தபோது அதோடு போனது, 2025 ஜூன் இறுதியில் ரேலியன்ட் பிரிந்தபோது அதோடும் போனது. கீத்லி டெக்ட்ரானிக்ஸோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஃப்ளூக் ஃபோர்ட்டிவிலேயே தங்கிவிட்டது. இங்கே கருவிப் பெயர் மாறவில்லை, மேலே இருக்கும் உரிமையாளர்தான் மாறினார். பதிவேட்டில் டெக்ட்ரானிக்ஸ் என்றே இருக்கட்டும்.

பெர்கின்எல்மர் தனி ரகம். அந்தப் பெயரைப் பகுப்பாய்வுக் கருவிகளோடு சேர்த்து இரண்டு முறை விற்றிருக்கிறார்கள். 1999-இல் வாங்கிய ஈஜி அண்ட் ஜி அந்தப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. 2023-இல் அதே கதை: பகுப்பாய்வுத் தொழிலும் பெயரும் நியூ மவுன்டன் கேப்பிட்டலுக்குப் போக, மிச்சமிருந்த நிறுவனம் ரெவிட்டி ஆனது. மரபணு வரிசைப்படுத்தும் கருவி ஏதாவது பழைய பெர்கின்எல்மர் பெயரில் இருந்தால் அது அப்ளைட் பயோசிஸ்டம்ஸ் வழியாக வந்து இன்று தெர்மோ ஃபிஷரில் இருக்கும்.

பழைய எச்பி கருவிகளுக்கு இன்னொன்று. பெயர் மாறினாலும் எண் முறை மாறவில்லை. பாக எண் ஐந்தும் ஐந்துமாக இருந்தால் முதல் ஐந்து இலக்கம் மாடலைச் சொல்லும். 34401-90 என்று தொடங்குவது அந்த மாடலின் கையேடு. 34401-665 என்று தொடங்குவது போர்டு. நான்கும் நான்குமாக இருந்தால் பொதுப் பாகம்: 1820 டிஜிட்டல் ஐசி, 1826 அனலாக் ஐசி, 1853 பிஎன்பி டிரான்சிஸ்டர், 1854 என்பிஎன். இவற்றில் பல சந்தையில் சாதாரணப் பெயரில் கிடைப்பவைதான், ஒப்பீட்டுப் பட்டியல் பார்த்தால் போதும். எந்த நிறுவனத்தின் வாசலையும் தட்ட வேண்டாம்.

சீரியல் எண்ணையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 3146ஏ என்று தொடங்கினால், முதல் இரண்டு இலக்கத்தோடு 60-ஐக் கூட்டினால் 91, அதாவது 1991, அடுத்த இரண்டு 46-ஆம் வாரம். ஆனால் அது அந்த யூனிட் பிறந்த வாரம் இல்லை, அந்த வடிவமைப்பில் கடைசி முக்கிய மாற்றம் நடந்த வாரம். சர்வீஸ் கையேட்டின் பின்னால் உள்ள மாற்றப் பக்கங்கள் இந்த முன்னெண்ணை வைத்துத்தான் அடுக்கப்பட்டிருக்கும். பிந்தைய கருவிகளில் நாட்டு எழுத்து முதலில் வரும், எம்ஒய்53 என்றால் மலேசியா, 2013.

கட்டளைவரி எழுதியது:

இரண்டாவது கேள்வி. சம்பந்தம் உண்டு, ஆனால் அங்கே இரண்டு பூட்டு இருக்கிறது. ஒன்றைத் திறந்துவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

முதல் பூட்டு அடையாளக் கேள்வி. *ஐடிஎன்? என்று கேட்டால் ஐஈஈஈ 488.2 தரப்படி காற்புள்ளியால் பிரித்த நான்கு புலங்கள் வரும்: தயாரிப்பாளர், மாடல், சீரியல், ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) பதிப்பு. 34401ஏ-இடம் கேட்டால் அஜிலென்ட் என்று முகப்பில் போட்ட பெட்டியும் "ஹியூலெட்-பேக்கார்ட்" என்றே பதில் சொல்லும். ஆயிரக்கணக்கான நிரல்கள் அந்த வார்த்தையை எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தன, மாற்றினால் எல்லாம் படுத்துவிடும். 34461ஏ அப்படி இல்லை. 2013-இல் அஜிலென்ட்டாக வெளிவந்த மாடல், பிரிவுக்குப் பின் கீசைட் டெக்னாலஜீஸ் என்று சொல்லத் தொடங்கியது. ஒரே மாடல், ஒரே கட்டளைத் தொகுப்பு, முதல் புலம் மட்டும் வேறு. உங்கள் நிரல் முழு வரியையும் ஒப்பிட்டால் அங்கேயே விழும்.

திருத்த வேண்டிய விதம்:

- பதிலைக் காற்புள்ளியில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தையும் வரி முடிவுக் குறியையும் நீக்குங்கள்.
- மாடல் புலத்தை மட்டும் சரிபாருங்கள். தயாரிப்பாளர் புலத்தை வைத்தே ஆக வேண்டுமானால் மூன்று பெயரையும் ஏற்கும் பட்டியலாக வையுங்கள், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காமல்.
- சீரியலை இந்தப் பதிலிலிருந்து எடுத்துப் பதிவேட்டில் போடும் திட்டம் இருந்தால் 34401ஏ-க்கு அது வேலைக்கு ஆகாது. மூன்றாவது புலத்தில் வெறும் 0 தான் வரும். பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்துக் கையால் எழுதுங்கள்.

சில மாடல்களில் அடையாளப் பதிலைப் பழைய பெயருக்கு மாற்றி வைக்க ஒரு கட்டளையே உண்டு. நிரலாக்கக் கையேட்டின் சிஸ்டம் அத்தியாயத்தில் தேடுங்கள். ஆனால் அது தற்காலிக ஒட்டுதான். நிரலைத் திருத்துவதே மேல்.

இரண்டாவது பூட்டு யுஎஸ்பி. விசா (கணினி நிரல் கருவிகளோடு பேசப் பயன்படும் பொது மென்பொருள் இடைமுகம்) முகவரியில் விற்பனையாளர் எண், தயாரிப்பு எண், சீரியல் மூன்றும் கோத்து வரும். அஜிலென்ட்டின் விற்பனையாளர் எண் 0957, கீசைட்டுடையது 2ஏ8டி. லினக்ஸ் கணினியில் 0957-க்கு மட்டும் அனுமதி விதி எழுதி வைத்திருந்தால், கீசைட் யூனிட்டைச் செருகும்போது சாதனம் தெரியும், திறக்க அனுமதி இருக்காது. பிழைச் செய்தி "கிடைக்கவில்லை" என்றே வரும், ஆள் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார். இரண்டு எண்ணுக்கும் விதி எழுதுங்கள்.

சீரியலும் முகவரிக்குள் இருப்பதால் பெயரே மாறாவிட்டாலும் யூனிட்டை மாற்றினால் முகவரி மாறத்தான் செய்யும். ஆகவே நிரலில் முகவரியை நேரடியாக எழுதாமல் "டிஎம்எம்_1" போல ஒரு மாற்றுப்பெயர் வைத்து, அதை விசா மேலாண்மைக் கருவியில் முகவரியோடு கட்டிவிடுங்கள். யூனிட் மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் முடிந்தது.

பிரிவு அறிவிப்பு வந்த உடனே செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது, கிட்டத்தட்ட யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் பயனர் கையேடு, சர்வீஸ் கையேடு, நிரலாக்கக் கையேடு, இப்போது கருவியில் ஓடும் ஃபர்ம்வேர் பதிப்பு, கடைசியாக வந்த பதிப்பு, டிரைவர், ஆப்ஷன் லைசென்ஸ் கோப்புகள் ஆகிய ஏழையும் இறக்கி உள் சர்வரில் வையுங்கள். இணையதளம் பிரியும்போது பழைய இணைப்புகள் முதலில் திசைதிருப்பப்படும், பிறகு செத்துப்போகும். எல்லாவற்றையும்விட லைசென்ஸ் முக்கியம். அது கருவியின் சீரியலோடோ கணினியின் அடையாளத்தோடோ பூட்டப்பட்டது. கணினியின் ஹார்ட் டிஸ்க் போய், விற்ற நிறுவனத்தின் பழைய லைசென்ஸ் தளமும் மூடியிருந்தால், பணம் கொடுத்து வாங்கிய ஆப்ஷனை நிரூபிக்க பில் ஒன்றுதான் மிஞ்சும். பில்லையும் ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் போடுங்கள்.

உடன்படிக்கை எழுதியது:

மூன்றாவது கேள்வி. ஒப்பந்தம் போடலாம், ஆனால் இரண்டாகப் போடுங்கள். பிரிவுக்குப் பின் எந்தக் கருவி எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து, பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம். ஜிசியும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் ஒரே ஒப்பந்தத்தில் ஒரே மொத்தத் தள்ளுபடியோடு இருந்தால், பிரிந்த மறுநாள் அதை வெட்ட வேண்டும். வெட்டும்போது தள்ளுபடி இரு பக்கமும் காணாமல்போகும்.

நடைமுறை எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் எந்தத் தேதியில் என்ன உடையும் என்று கணிக்கலாம். அறிவிப்பு வரும். பிறகு பிரியும் தொழிலுக்குத் தனிக் கணக்கு தயாரிப்பார்கள், அமெரிக்கப் பங்கு ஒழுங்குமுறை ஆணையத்தில் புதிய பங்கைப் பதிவு செய்யும் படிவம் 10 தாக்கலாகும். இயக்குநர் குழு பதிவுத் தேதியும் பகிர்வுத் தேதியும் அறிவிக்கும். எச்பி-அஜிலென்ட் 1999 மார்ச் முதல் 2000 ஜூன் வரை எடுத்துக்கொண்டது. அஜிலென்ட்-கீசைட் 2013 செப்டம்பர் முதல் 2014 நவம்பர். டனாஹர்-ஃபோர்ட்டிவ் 2015 மே முதல் 2016 ஜூலை. ஃபோர்ட்டிவ்-ரேலியன்ட் 2024 செப்டம்பர் முதல் 2025 ஜூன், இதுதான் இவற்றில் வேகமானது. ஆக உங்களுக்குக் கிடைப்பது 9 முதல் 15 மாதம்.

கொள்முதல் பிரிவு கோட்டை விடுவது எங்கே தெரியுமா? பங்குச் சந்தையில் பட்டியலிடும் நாளைத்தான் காலண்டரில் குறித்து வைப்பார்கள். சட்டப்படி தொழில் கை மாறும் நாள் அதற்கு முன்பே வந்துவிடும். கீசைட் 2014 ஆகஸ்ட் 1 அன்றே அஜிலென்ட்டின் முழு உரிமைத் துணை நிறுவனமாக இயங்கத் தொடங்கிவிட்டது, பங்கு பகிர்ந்தது நவம்பர் 1. அந்த மூன்று மாத இடைவெளியில் பழைய பெயருக்குப் போட்ட ஆர்டரும் புதிய பெயரில் வரும் பில்லும் பொருந்தாது. கணக்கு மென்பொருள் "மூன்று ஆவணம் (ஆர்டர், சரக்கு ரசீது, பில்) பொருந்தவில்லை" என்று நிறுத்திவிடும். புதிய விற்பனையாளர் குறியீடு, வங்கி விவரம், வரிப் பதிவு எல்லாவற்றையும் சட்ட நாளுக்கு ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்குங்கள். வங்கி விவரம் மாறுவதாக மின்னஞ்சல் மட்டும் வந்தால் நம்பாதீர்கள், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்த பிறகே மாற்றுங்கள். மோசடிக்காரர்களுக்கு இந்த மாதங்கள் அறுவடைக் காலம்.

அடுத்தது, இடைக்காலச் சேவை உடன்படிக்கை. சேய் நிறுவனத்துக்கு (பிரிந்து போகும் புது நிறுவனம்) சொந்தமாகக் கணினி அமைப்பு, கிடங்கு, சம்பளப் பட்டியல் தயாராகும் வரை தாய் நிறுவனமே குறிப்பிட்ட கட்டணத்துக்கு, குறிப்பிட்ட மாதங்களுக்குச் செய்து தரும். வாடிக்கையாளருக்கு அடி விழுவது பிரிந்த நாளில் அல்ல. இந்த உடன்படிக்கை முடிந்து தரவைப் புது அமைப்புக்கு மாற்றும் வாரத்தில்தான். சில நாள் ஆர்டர் எடுக்க மாட்டார்கள், பழுதுக்கு அனுப்பிய கருவியின் எண் புது அமைப்பில் இருக்காது, உங்கள் சீரியல் எண்கள் சில வந்து சேர்ந்திருக்காது. எனவே:

1. காலிபரேஷன் கெடு அந்த வாரத்தில் விழும் கருவிகளை ஒரு மாதம் முன்பே அனுப்பித் திரும்ப வாங்கிவிடுங்கள்.
2. வெளியே போயிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் சீரியல், பழுது எண், அனுப்பிய தேதி, கூரியர் ரசீது ஒரே தாளில் இருக்கட்டும்.
3. மாற்றம் முடிந்ததும் "எங்கள் பெயரில் உள்ள கருவிகள்" பட்டியலைக் கேட்டு உங்கள் பதிவேட்டோடு சீரியல் சீரியலாக ஒப்பிடுங்கள். விட்டுப்போனவற்றுக்கு உத்தரவாதம் இருந்தால் அப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் நான் பார்க்கும் வரிகள்: ஒப்பந்தம் வாரிசு நிறுவனத்தையும் கட்டுப்படுத்துமா? மாடல் வாரியாக ஆதரவு முடியும் ஆண்டு எழுதியிருக்கிறதா? ஸ்பேர் இல்லாவிட்டால் பணம் திரும்புமா, அல்லது "சமமான மாற்றுக் கருவி" என்று மழுப்பியிருக்கிறதா? அந்த மழுப்பல் இருந்தால் "சமமான" என்பதற்குத் துல்லிய அளவையும் இடைமுகத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

காலிபரேஷன் சான்றிதழைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பழைய பெயரில் வந்தது அதன் கெடு வரை செல்லும், அளவின் தொடர்ச்சி பெயரைச் சார்ந்ததல்ல. புதிய சான்றிதழில் மட்டும் ஐஎஸ்ஓ/ஐஈசி 17025 (காலிபரேஷன் ஆய்வகங்களுக்கான தரம்) அங்கீகாரம் புதிய சட்டப் பெயரில் இருக்கிறதா, உங்களுக்கு வேண்டிய அளவு வரம்பு அதில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

சேய் நிறுவனம் கடனோடுதான் வீட்டை விட்டுக் கிளம்பும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பிரியும் முன் கடன் திரட்டித் தாய்க்கு ரொக்கம் கொடுப்பது வழக்கம். கீசைட் 2014-இல் 110 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. ஃபோர்ட்டிவ் டனாஹருக்கு ஏறத்தாழ 300 கோடி டாலரும், ரேலியன்ட் ஃபோர்ட்டிவுக்கு 115 கோடி டாலரும் கொடுத்தன. கடன் இருக்கும் கம்பெனி செலவு குறைக்கும்போது பழைய மாடல்களின் ஸ்பேர் கிடங்கில் முதலில் கை வைக்கும் என்று எண்ணித் திட்டமிடுவது என் பழக்கம். முக்கியக் கருவிக்கு மின்வழங்கி, மின்விசிறி, டிஸ்ப்ளே, உள்ளீட்டு ரிலே ஆகிய நான்கையும் முன்கூட்டியே ஒவ்வொன்று வாங்கி வைப்பேன்.

பதிவேடு60:

மிக்க நன்றி, மூவருக்கும். பிரிந்தது, விற்றது இரண்டும் எனக்குக் கலக்கிறது. அவாகோ பிரிந்ததா, விற்கப்பட்டதா? வாடிக்கையாளருக்கு அதில் என்ன வித்தியாசம்?

உடன்படிக்கை:

அவாகோ விற்பனை. 2005-இல் கேகேஆர், சில்வர் லேக் இருவரும் 266 கோடி டாலருக்கு வாங்கினார்கள். பங்குதாரர் கைக்குப் பங்கு வரவில்லை, அஜிலென்ட்டுக்குப் பணம் வந்தது. நேரடிப் பிரிவில் பணம் கை மாறாமல் பங்கு விகிதப்படி கிடைக்கும்: இரண்டு அஜிலென்ட் பங்குக்கு ஒரு கீசைட்.

நடுவிலும் வகைகள் உண்டு. முதலில் கொஞ்சம் பொதுமக்களுக்கு விற்றுவிட்டு மீதியைப் பகிர்வது (அஜிலென்ட் 1999-2000, வெரிஜி 2006). விருப்பமுள்ளவர் தாய்ப் பங்கைக் கொடுத்துவிட்டுச் சேய்ப் பங்கை வாங்குவது. பிரித்த தொழிலை அந்தக் கணமே வேறொரு கம்பெனியோடு இணைப்பது: டனாஹர் 2015-இல் டெக்ட்ரானிக்ஸ் கம்யூனிகேஷன்ஸை நெட்ஸ்கவுட்டோடு சேர்த்தது இந்தக் கடைசி இரண்டும் கலந்த வகை. தெர்மோ எலக்ட்ரான் ஒரு காலத்தில் சிறுபான்மைப் பங்கை மட்டும் சந்தையில் விட்டு, பட்டியலிட்ட துணை நிறுவனங்களை இருபதுக்கும் மேல் பெற்றுப் போட்டது. பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்ப உள்ளே இழுக்க வேண்டியதாயிற்று. ஒரே வாடிக்கையாளரிடம் ஒரே குடும்பத்தின் நாலு விற்பனையாளர்கள் போய் நின்றால் வேறென்ன ஆகும்?

வித்தியாசம் உங்களுக்கு எங்கே தெரியுமென்றால், அமெரிக்க வரிச் சட்டத்தின் 355-ஆம் பிரிவு. வரியில்லாமல் பிரிய வேண்டுமானால் தாய், சேயின் குறைந்தது 80 விழுக்காட்டுக் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருந்து பகிர வேண்டும், இரு தொழிலும் ஐந்தாண்டு நடந்த தொழிலாக இருக்க வேண்டும். அஜிலென்ட்டில் ஏறத்தாழ 16 விழுக்காட்டை மட்டும் முதலில் விற்றதும், 2020-இல் ஃபோர்ட்டிவ் தன்னிடமிருந்து பிரித்த வான்டியர் நிறுவனத்தின் 80.1 விழுக்காட்டைப் பகிர்ந்ததும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கத்தான். பிரிவுக்கு முன்னும் பின்னும் இரண்டாண்டுக்குள் சேயின் பாதியையோ அதற்கு மேலோ யாராவது வாங்கினால், அப்படியில்லை என்று நிரூபிக்காதவரை அது முன்திட்டம் என்றே கருதப்படும், வரி பாயும். எனவே பிரிந்த முதல் இரண்டு ஆண்டு சேயை யாரும் வாங்கத் தயங்குவார்கள். அதற்குப் பிறகு அந்த வேலி கிடையாது. விற்பனையில் அந்த இரண்டாண்டு வேலியும் இல்லை. மூன்றாண்டு ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டு ஏன் ஆபத்தானது என்று இதிலிருந்து தெரியும்.

கிளைப்படம்:

இதற்கு ஒரு துணைக் குறிப்பு. கருவி வரிசையைச் சாகடிப்பது பெரும்பாலும் பிரிவு அல்ல, பிறகு வரும் கையகப்படுத்தல். முதல் வணிக என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்ததிர்வு) கருவியை 1952-இல் விற்ற வேரியனின் என்எம்ஆர் வரிசை, 1999 பிரிவைத் தாண்டி நன்றாகவே இருந்தது. 2010-இல் அஜிலென்ட்டுக்குள் போனது, 2014-இல் அஜிலென்ட் அந்தத் தொழிலிலிருந்தே விலகியது. மென்பொருள் மட்டும் ஓப்பன்விஎன்எம்ஆர்ஜே என்று திறந்த மூலமாக வெளியானதால் பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் இன்னும் ஓடுகின்றன. காந்தம் பத்தாண்டுகளுக்கு மேல் நிற்கும், கன்சோல் போர்டுதான் பிரச்சினை. அந்த வகைக் கருவி உங்களிடம் இருந்தால் கழித்துக் கட்டும் கன்சோலைப் பாகத்துக்காக வாங்குவதே ஒரே வழி.

பைசா_கணக்கு எழுதியது:

தலைப்பிலிருந்து சற்று விலகல், ஆனால் இந்த இழையைப் பங்கு வைத்திருப்பவர்களும் படிப்பார்கள். அமெரிக்க விதிப்படி, பிரிவுக்குப் பின் உங்கள் கொள்முதல் விலையைத் தாய்க்கும் சேய்க்கும் சந்தை மதிப்பு விகிதத்தில் பிரிக்க வேண்டும். பங்கு எண்ணிக்கை விகிதத்தில் பிரிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நிறுவனம் 8937 என்ற படிவத்தில் விகிதத்தைச் சொல்லும். கெடு 45 நாள் அல்லது மறு ஆண்டு ஜனவரி 15, எது முந்தையதோ அது.

கணக்கு வழி காட்ட எண்கள் மட்டும் கற்பனை. 100 தாய்ப் பங்கு, ஒன்று 40 டாலருக்கு வாங்கியது, மொத்தம் 4,000. இரண்டுக்கு ஒன்று விகிதத்தில் 50 சேய்ப் பங்கு வருகிறது. பிரிவுக்குப் பின் தாய் 40 டாலர், சேய் 30 டாலர் என்றால் மதிப்பு 4,000-மும் 1,500-மும், கூட்டினால் 5,500. தாய்க்கு 72.73 விழுக்காடு, சேய்க்கு 27.27. ஆகவே தாயின் கொள்முதல் விலை 2,909.09, பங்குக்கு 29.09. சேயின் கொள்முதல் விலை 1,090.91, பங்குக்கு 21.82. வாங்கிய தேதி சேய்க்கும் பழைய தேதியே.

பின்னப் பங்கு தனி. எச்பி-அஜிலென்ட் விகிதம் 0.3814. 100 எச்பி வைத்திருந்தால் 38.14 வரும்: கையில் 38 பங்கு, 0.14-க்கு ரொக்கம். அந்த ரொக்கத்தை ஈவுத்தொகை என்று எழுதாதீர்கள், பின்னப் பங்கை விற்ற வரவு அது. சங்கிலியாகப் பிரிந்தவற்றில் ஒவ்வொரு கண்ணியையும் தேதி வரிசையில் போட வேண்டும். டனாஹரிலிருந்து வந்த ஃபோர்ட்டிவின் விலையை முதலில் கண்டுபிடிக்காமல் வான்டியருக்கும் ரேலியன்ட்டுக்கும் போக முடியாது. வேறு நாட்டு வரி செலுத்துபவர் தம் நாட்டு விதியைப் பார்க்க வேண்டும், 8937 அங்கே தானாகச் செல்லாது.

பதிவேடு60:

கட்டங்களை இப்படி மாற்றியிருக்கிறேன்: மாடல், சீரியல், முகப்புப் பெயர், அடையாளப் பதிலின் முதல் புலம், இன்றைய பொறுப்பு நிறுவனம், காலிபரேஷன் கெடு, கோப்புறை. மாடலும் சீரியலும் சேர்ந்தது முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது. ஏதாவது விட்டுப்போனதா?

கட்டளைவரி:

"இன்றைய பொறுப்பு நிறுவனம்" என்பதை ஒரே கட்டமாக வைத்து மேலெழுதிவிடாதீர்கள். அதைத் தனி அட்டவணை ஆக்குங்கள்: தயாரிப்பு வரிசை, நிறுவனம், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை. பழைய சான்றிதழையும் பில்லையும் தணிக்கையில் காட்டும்போது அந்தத் தேதியில் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். வரிசை கை மாறினால் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும், 60 கருவியையும் திறக்க வேண்டியதில்லை. சீரியல் கட்டத்தை எண் வகையாக வைக்காமல் எழுத்து வகையாக வையுங்கள், இல்லாவிட்டால் முன்னால் வரும் பூஜ்யம் போய்விடும்.

உடன்படிக்கை:

முகப்புப் பெயர்க் கட்டத்தைப் பூட்டிவிடுங்கள். யாராவது நல்லெண்ணத்தில் எச்பி எல்லாவற்றையும் கீசைட் என்று திருத்துவார்கள். அதில் ஜிசியும் சேர்ந்து போகும்.